வைரஸும் ஈரலும், நடுவில் ஓய்ந்துபோன டி செல்களும்

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் இந்த நோயைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது, உட்கருவுக்குள் போய்த் தன் டிஎன்ஏவை ஒரு சின்ன வளையமாக மூடி வைத்துக்கொள்கிறது, அதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. செல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கோடிக்கணக்கான வைரஸ் ஓடுகிற ஒருவருக்கு ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியான எஸ்ஜிபிடி அப்பழுக்கில்லாமல் நார்மலாக இருக்கலாம். அப்படியானால் கண் மஞ்சளாவதும், நொதிகள் எகிறுவதும், ஈரலில் தழும்பு ஏறி சிரோசிஸ் வரை போவதும் யாரால்? பெரும்பகுதி நம்முடைய டி செல்களால்தான்; தொற்றைத் தேடி அழிக்கும் வெள்ளை ரத்த அணுக்கள் அவை. வைரஸைத் தேடி வருகிற செல்கள் ஈரலையும் சேர்த்து அடிக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் இந்த நோய் இருப்பது தெரியவந்ததே வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில்தான். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் சோதிப்பார்கள். பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’. நம் ஊரில் எத்தனையோ பையன்களுக்கு இந்தச் செய்தி அந்த ஒற்றைச் சொல்லாகத்தான் வந்து சேர்கிறது. என் சித்தப்பா மகனுக்கும் அப்படித்தான் வந்தது. ஏஜென்டிடம் கட்டிய பணம் போச்சு, வட்டிக்கு வாங்கிய கடன் நின்றது. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, எனக்கு ஒரு காய்ச்சல்கூட ஒழுங்கா வந்ததில்ல. எஸ்ஜிபிடி நார்மல்னு இவங்களே எழுதியிருக்காங்க. அப்புறம் எப்படி ஈரல் நோய்ங்கிறாங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு முன்பே அவன் பார்த்த ஒரு டாக்டர், “கேரியர்தான், ஒண்ணும் பண்ண வேண்டாம், போ” என்று அனுப்பியிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், வைரஸ் அளவு எடுக்க வேண்டும், வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சில காலம் நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். டி செல்களோடு புழங்கியவன். அவனிடம் அன்று உட்கார்ந்து சொன்னதையும், அப்புறம் படித்துச் சேர்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வயதிலிருந்து தொடங்க வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும் வளர்ந்த ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால், 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் ஆறு மாதத்துக்குள் அதை விரட்டிவிடுவார்கள். அதே வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தால் 100க்கு 90 குழந்தைகளிடம் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வைரஸ் ஒன்றுதான். வந்து சேரும் நேரத்தில் டி செல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் செய்கிறது. பிறந்த குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் எது தன்னுடையது, எது அந்நியம் என்று பழகிக்கொண்டிருக்கிறது. வைரஸ் உற்பத்தி செய்கிற ‘இ ஆன்டிஜென்’ என்ற ஒரு புரதம் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி தாண்டிப் போகக்கூடியது. அது டி செல்களைப் பணியவைக்கிறது என்பதற்கு எலிகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது.

தம்பிக்குத் தெரிந்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தோம். சித்திக்கு இருந்தது. தங்கைக்கும் இருந்தது. சித்தி அழுத அழுகை வேறு யாருக்கும் வர வேண்டாம்; பிள்ளைகளுக்குத் தானே கொடுத்துவிட்டோம் என்று. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, தடுப்பூசியும் பரவலாக இல்லை. இந்தியாவில் 2002இல் சில இடங்களில் ஆரம்பித்து, 2011 வாக்கில்தான் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது. தங்கைக்குப் பிரசவம் ஆனபோது குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் கூடவே தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுப்பார்கள். அந்தக் குழந்தைக்கு நோய் வரவில்லை. டி செல்கள் ஒரு வாழ்நாள் முழுக்க ஏமாந்துபோவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி மருத்துவத்தில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஹெபடைடிஸ் பி நாள்பட்ட தொற்றாக 25.4 கோடிப் பேருக்கும், ஹெபடைடிஸ் சி 5 கோடிப் பேருக்கும் இருக்கிறது. அந்த ஓராண்டில் மட்டும் 13 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஏறக்குறைய 3 கோடி.

இனி ஈரலுக்குள் போவோம். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சாப்பாட்டின் புரதத் துணுக்குகள், குடல் பாக்டீரியாவின் உடைசல்கள் எல்லாம் அதோடு வந்து சேரும். கண்ணில் பட்ட ஒவ்வொரு அந்நியப் பொருளுக்கும் சண்டைக்குக் கிளம்பினால் ஈரல் ஒரு நாள் தாங்காது. அதனால் இயல்பிலேயே பொறுத்துப்போகிற உறுப்பு அது. 1969இல் ராய் கால்னும் அவருடைய குழுவினரும் பன்றிகளுக்கு ஈரல் மாற்று அறுவை செய்தபோது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்காமலேயே பல பன்றிகளின் உடல் புது ஈரலை ஏற்றுக்கொண்டது. தோலோ சிறுநீரகமோ அப்படி எளிதில் ஒட்டாது. வைரஸ்கள் குடியிருக்க ஈரலைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியும் டி செல்கள் அங்கே வேலை செய்கின்றன. செய்யும் விதம்தான் அழகு. ஈரலின் நுண்ரத்தக் குழாய்களின் உட்சுவரில் பொடிப்பொடியான துளைகள் உண்டு. 2015இல் மிலானில் லூகா குய்டோட்டி, மட்டேயோ இயன்னகோனே குழுவினர் உயிருள்ள எலியின் ஈரலை நுண்ணோக்கியில் வைத்து, ஹெபடைடிஸ் பியைத் தேடி வரும் டி செல்கள் என்ன செய்கின்றன என்று நேரடியாகப் பார்த்தார்கள். ரத்தத்தோடு ஓடி வருகிற டி செல், சுவரில் ஒட்டியிருக்கும் தட்டணுக்களின் மேல் வந்து நிற்கிறது. பிறகு குழாய்ச் சுவரோரமாக ஊர்ந்து போகிறது. ரத்தக் குழாயை விட்டு வெளியே வராமலேயே, அந்தத் துளைகள் வழியாகத் தன் உடலின் ஒரு நீட்சியை வெளியே விட்டு ஈரல் செல்லைத் தொட்டுப் பார்க்கிறது. வைரஸின் புரதத் துணுக்கு அங்கே இருந்தால் அங்கிருந்தபடியே தாக்குதலைத் தொடங்கிவிடுகிறது. ஈரலில் தழும்பு ஏறினால் இந்தத் துளைகள் அடைபட்டுப்போகின்றன. டி செல்லால் தொட முடியாமல் போகிறது. அதையும் அதே ஆய்வு காட்டியது.

தொட்ட பிறகு டி செல்லுக்கு இரண்டு வழி. ஒன்று, தொற்றிய செல்லைக் கொன்றுவிடுவது. ஈரல் செல்கள் அத்தனையிலும் வைரஸ் இருக்கும்போது எல்லாவற்றையும் கொன்றால் ஆள் செத்துப்போவான். இரண்டாவது வழியை அமெரிக்காவில் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு மையத்தின் ஃபிராங்க் சிசாரியும், அப்போது அவரோடு இருந்த குய்டோட்டியும் 1990களில் கண்டுபிடித்தார்கள். டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் என்ற செய்திப் புரதங்கள் செல்லைக் கொல்லாமலேயே அதற்குள் வைரஸ் நகலெடுப்பதை நிறுத்திவிடுகின்றன. 1999இல் சிம்பன்சிகளில் பார்த்தபோது, ஈரல் பாதிப்பு உச்சத்துக்குப் போவதற்கு வெகுமுன்பே வைரஸ் டிஎன்ஏவின் பெரும்பகுதி மறைந்துவிட்டிருந்தது. 2003இல் இதே குழு சிம்பன்சிகளின் சிடி8 டி செல்களை, அதாவது தொற்றிய செல்லைக் கொல்லும் வகையை, மருந்தால் அகற்றிப் பார்த்தது. அந்த செல்கள் திரும்பி வரும்வரை வைரஸ் போகவில்லை. அந்த விலங்குகள் பட்ட பாட்டை நினைக்காமல் இந்தக் கட்டுரைகளை என்னால் படிக்க முடிந்ததில்லை. 2015இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சி ஆராய்ச்சியையே நிறுத்திக்கொண்டது. நல்லதுதான். ஆனால் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவற்றின் உடம்பிலிருந்து வந்தது.

சரி, இவ்வளவு கெட்டிக்கார செல்கள் என் தம்பியின் உடம்பில் ஏன் எதுவும் செய்யவில்லை?

இதற்குப் பதில் ஈரலில் கிடைக்கவில்லை. எலிகளைத் தாக்கும் எல்சிஎம்வி என்ற வேறொரு வைரஸில் கிடைத்தது. அதில் ஆம்ஸ்ட்ராங் என்று ஒரு வகை. எலி பத்து நாளுக்குள் அதை ஒழித்துவிடும். குளோன் 13 என்று இன்னொரு வகை, மாதக்கணக்கில் தங்கும். இரண்டுக்கும் ஒருசில அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். 1993இல் சூரிச்சில் ரால்ஃப் ஜிங்கர்நாகலின் ஆய்வுக்கூடம், வைரஸ் அளவுக்கு மீறிப் பெருகும்போது அதை எதிர்க்கும் டி செல்கள் ஓய்ந்து காணாமல் போவதைக் காட்டியது. 1998இல் ரஃபி அகமதின் குழு இன்னும் உற்றுப் பார்த்தது. எல்லா செல்களும் காணாமல் போவதில்லை. சில இருக்கின்றன, வைரஸை அடையாளமும் காண்கின்றன, ஆனால் கையை அசைப்பதில்லை. ரஃபி அகமது ஹைதராபாத்தில் பிறந்தவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். டி செல் சோர்வு என்று இன்றைக்கு எல்லோரும் பேசும் துறையை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டிய பெயர்.

இந்தச் சோர்வு ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டி செல்லைப் பெருகவைக்கும் ஐஎல்-2 என்ற புரதத்தின் சுரப்பு நிற்கும், பெருகும் சக்தி குறையும். அடுத்து டிஎன்எஃப் போகும். கடைசியாக இன்டர்ஃபெரான் காமா. அதற்கும் மேலே போனால் செல்லே அழிந்துவிடும். இதற்கு நடுவில் செல்லின் மேற்பரப்பில் டி செல்லுக்கு பிரேக் போல வேலை செய்யும் பிடி-1 என்ற புரதம் ஏறிக்கொண்டே போகும். 1992இல் ஜப்பானில் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த புரதம் அது. 2006இல் ரஃபி அகமதின் குழு, நாள்பட்ட தொற்றுள்ள எலிகளில் பிடி-1இன் பிடியைத் தடுத்துப் பார்த்தது. ஓய்ந்திருந்த டி செல்கள் மறுபடி எழுந்தன, வைரஸ் குறைந்தது. அந்தச் செய்தி வந்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம்: சோர்வை நீக்கினால் ஹெபடைடிஸ் போய்விடும், எச்ஐவி போய்விடும் என்று.

அதே ஆய்வுக்குள் இன்னொரு முடிவும் இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம். பிடி-1ஐ அழுத்தும் பிடி-எல்1 என்ற புரதமே பிறவியில் இல்லாத எலிகளுக்கு குளோன் 13ஐக் கொடுத்தார்கள். ஓய்வே அறியாத டி செல்கள் உள்ள எலிகள். வைரஸைத் துவம்சம் செய்திருக்க வேண்டும் இல்லையா? எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. அவற்றைக் கொன்றது அவற்றின் டி செல்கள்.

ஆகவே டி செல்களின் சோர்வைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒழிக்க முடியாத அளவுக்கு வைரஸ் பரவிவிட்டது, இனி முழு வேகத்தில் சண்டை போட்டால் உறுப்பே மிஞ்சாது என்ற நிலையில் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாமல் இருப்பது. தம்பி காய்ச்சல் தலைவலி இல்லாமல் வளர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். இதற்கு விலையும் உண்டு. டி செல்கள் முழுக்கத் தூங்கிவிடுவதில்லை. அவ்வப்போது விழித்து அடிக்கின்றன, மறுபடி ஓய்கின்றன. இருபது முப்பது வருடம் இப்படி நடந்தால் ஈரலில் தழும்பு சேர்ந்துகொண்டே போகும். அதற்குள் வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் செல்லின் சொந்த டிஎன்ஏவுக்குள் நுழைந்து புற்றுநோய்க்கும் வழி செய்துவைக்கும்.

இந்த செல்களை நேரில் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் ஆய்வுக்கூட வேலையைச் சொல்கிறேன். நோயாளியின் ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து, ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் துளித்துளியாக, இரண்டும் கலந்துவிடாமல் ஊற்ற வேண்டும். கை நடுங்கக் கூடாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, இடையில் மங்கலான ஒரு வெள்ளை வளையம். டி செல்கள் அந்த வளையத்தில் இருக்கின்றன. பைப்பெட் நுனியை அதன் மேல் வைத்து மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் டெட்ராமர். ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழுவினர் 1996இல் கொண்டுவந்த உத்தி: வைரஸின் புரதத் துணுக்கு ஒன்றை, செல்கள் இத்தகைய துணுக்குகளை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறில் பொருத்தி, நான்கு நான்காகச் சேர்த்து ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள். அந்தக் குறிப்பிட்ட துணுக்கை அடையாளம் காணும் டி செல்லில் மட்டும் அது ஒட்டும். ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் லட்சக்கணக்கான செல்களை ஓட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால், கடுமையான மஞ்சள் காமாலையிலிருந்து தேறி வருகிறவரின் ரத்தத்தில் ஒரு தனிக் கூட்டமாகப் புள்ளிகள் தெரியும். நாள்பட்ட நோயாளியின் ரத்தத்தில் ஓரத்தில் சில புள்ளிகள் இருக்கும். பல நேரம் அதுவும் இருக்காது. இருக்கிற அந்தச் சில புள்ளிகளும் பிடி-1 அச்சில் உச்சத்தில் நிற்கும்.

இதற்கு வைரஸ் செய்யும் ஒரு தந்திரமும் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஹெபடைடிஸ் பி முழு வைரஸ் துகளைவிட ஆயிரம் முதல் லட்சம் மடங்கு அதிகமாக வெறும் மேலுறைத் துகள்களை ரத்தத்தில் கொட்டுகிறது. உள்ளே டிஎன்ஏ கிடையாது, யாருக்கும் தொற்றாது. நாம் ‘எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்’ என்று சோதனையில் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் இந்தப் புரதவெள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் டி செல்கள் களைத்துப்போவதில் என்ன அதிசயம்?

இப்போது கீழாநெல்லிக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

சில வருடங்கள் கழித்துத் தம்பிக்கு எஸ்ஜிபிடி திடீரென்று 400ஐத் தாண்டியது. வீடே கலங்கிவிட்டது. பரோட்டா சாப்பிட்டதால், வெயிலில் அலைந்ததால் என்று ஆளுக்கொரு காரணம். சித்தி தினமும் காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். சில வாரங்களில் எண்கள் இறங்கின. “பாத்தியா, மாத்திரை செய்யாதத மூலிகை செஞ்சிருச்சு” என்றார் சித்தி. அவரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் தம்பியைத் தனியாக உட்கார வைத்து வைரஸ் அளவு ரிப்போர்ட்டைக் காட்டினேன். எஸ்ஜிபிடி ஏறிய அதே சமயத்தில் வைரஸ் பல மடங்கு இறங்கியிருந்தது. ஓய்ந்திருந்த டி செல்கள் விழித்து ஈரலை அடித்திருக்கின்றன. அதில் வைரஸும் அடிபட்டது. முப்பதுகளில் பலருக்கு இது தானாகவே நடக்கும், தானாகவே அடங்கவும் செய்யும். சிலருக்கு இ ஆன்டிஜென் மறைந்து நோய் அமைதியாகும். சிலருக்கு ஈரலே செயலிழக்கும். எது நடக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் அந்த நேரத்தில் ஈரல் மருத்துவரின் பார்வையில் இருக்க வேண்டும்.

கீழாநெல்லியை நான் ஏளனமாகப் பேச மாட்டேன். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, அதை முறையாகச் சோதித்து லான்செட் இதழில் வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறை ஆன்டிஜென் மறைந்ததாகவும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததாகவும் முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து உட்படப் பிற இடங்களில் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் இப்படி நடப்பது உண்டு. சோதித்துப் பார்த்தவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. என் வருத்தம் வேறு. நம் ஊரில் மஞ்சள் காமாலை வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வருவது ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. அது தானாகவே போய்விடும். பெரியவர்களுக்கு வரும் ஹெபடைடிஸ் பியும் 100க்கு 95 பேருக்குப் போய்விடும். வேலையைச் செய்தது டி செல். பேர் வாங்குவது மூலிகை. அதை நம்பி நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ‘மருந்து கட்டிக்கொண்டு’ வந்து, சோதனையே இல்லாமல் வருடங்களைக் கடத்திவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறார்கள்.

ஹெபடைடிஸ் சி விஷயத்தில் கதை வேறு மாதிரி. அது ஆர்என்ஏ வைரஸ்; நகலெடுக்கும்போது ஏராளமான பிழைகள் செய்யும். டி செல் குறிவைக்கும் துணுக்கையே மாற்றிக்கொண்டு தப்பிவிடும். 2003இல் வந்த ஒரு சிம்பன்சி ஆய்வில், ஒரு முறை வைரஸை வென்ற விலங்குகளிடமிருந்து மற்ற செல்களுக்குத் துணைசெய்யும் சிடி4 டி செல்களை அகற்றிவிட்டு மறுபடி தொற்றவிட்டார்கள். சிடி8 செல்கள் இருந்தும் வைரஸ் தப்பித்துத் தங்கிவிட்டது. துணைக்கு ஆள் இல்லாமல் கொலைகார செல்லால் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஆனால் ஹெபடைடிஸ் சிக்கு உட்கருவில் ஒளிந்துகொள்ளும் வளையம் கிடையாது. அதனால்தான் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகளால் இன்று எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் 100க்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறது. இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டி செல் ஆராய்ச்சியாளர்களுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. இருபது வருடம் வைரஸோடு இருந்த டி செல்கள், வைரஸ் அடியோடு போன பிறகு பழைய நிலைக்குத் திரும்புமா என்று மனிதர்களிடமே பார்க்கலாம். 2021இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் ஆய்வுகள் வந்தன. செல்கள் ஓரளவு தேறுகின்றன, நினைவு செல்களின் சாயல் வருகிறது. ஆனால் டிஎன்ஏ எந்த இடங்களில் திறந்திருக்க வேண்டும், எங்கே மூடியிருக்க வேண்டும் என்ற அடிப்படை அமைப்பில் பழைய சோர்வின் தடம் அப்படியே இருக்கிறது. டாக்ஸ் என்ற புரதம் பதித்துவிட்டுப்போன தடம். குணமானவர்களுக்கு மறுபடி ஹெபடைடிஸ் சி தொற்றலாம் என்பது மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஊசி பகிர்ந்துகொள்கிறவர்களிடம் இதை யாராவது அன்போடு உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஹெபடைடிஸ் பிக்குத் திரும்பினால், டெனோஃபோவிரும் என்டெகாவிரும் நகலெடுப்பைத் தடுக்கின்றன. உட்கருவில் இருக்கும் வளையத்தைத் தொடுவதில்லை. வைரஸ் அளவு ‘கண்டறிய முடியவில்லை’ என்று வந்தாலும் மேலுறைப் புரதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், டி செல்கள் கொஞ்சம்தான் தேறும். இதைத் தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரஸ் திரும்பி வரும், அதைப் பார்த்து டி செல்கள் ஒரே மூச்சில் பாயும். சிரோசிஸ் இருக்கிறவருக்கு அது உயிரோடு விளையாடுவது. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

சரி, டி செல்களைத் தட்டி எழுப்பும் மருந்துகள்? பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப், புற்றுநோய் மருத்துவத்தையே மாற்றிய மருந்து. அதை மிகக் குறைந்த அளவில், சுமார் இருபது ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2019இல் வந்தது. ஒருவருக்கு மட்டும் மேலுறை ஆன்டிஜென் முழுக்க மறைந்தது. மறைவதற்கு முன் அவருக்கு எஸ்ஜிபிடி எகிறி அடங்கியது. எலிகளில் பார்த்ததின் சின்ன வடிவம். புரதவெள்ளத்தையே குறைத்துவிட்டு அப்புறம் டி செல்களைத் தட்டி எழுப்பலாம் என்பது இன்னொரு யோசனை. பெபிரோவிர்சன் என்ற ஊசி அந்த வழி. 2022இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், 24 வாரம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு, மருந்தை நிறுத்திய பிறகும் ஆன்டிஜென் இல்லாமல் இருந்தது. எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது. முதலில் சுமையை இறக்கு, பிறகு எழுப்பு.

புதிய டி செல்களால் முடியும் என்பதற்குச் சாட்சி ஏற்கெனவே இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகள் சிலருக்கு, மஜ்ஜை கொடுத்தவர் அந்த வைரஸை ஏற்கெனவே வென்றவராக இருந்ததால், நோயாளியின் உடம்பிலிருந்தும் வைரஸ் மறைந்தது. ஓய்வு அறியாத வேறொருவரின் டி செல்கள் வந்து முடித்துக்கொடுத்தன.

இதன் மறுபக்கத்தையும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். 1996இலேயே தெரிந்த உண்மை: ஹெபடைடிஸ் பியிலிருந்து முற்றிலும் குணமானதாக நினைக்கப்பட்டவர்களிடமும் பல பத்தாண்டுகள் கழித்து வைரஸின் துளி இருந்தது, அதைக் காவல் காக்கும் டி செல்களும் விழித்திருந்தன. அந்தக் காவலை மருந்தால் அடக்கினால் வைரஸ் எழும். கீமோதெரபி, நீண்ட நாள் அதிக அளவு ஸ்டீராய்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து கொடுக்கும்போது இது நடக்கிறது. சிகிச்சை முடிந்து டி செல்கள் திரும்பி வந்ததும், இதற்கிடையில் பரவிவிட்ட வைரஸைப் பார்த்து ஈரலையே தாக்குகின்றன. புற்றுநோயிலிருந்து பிழைத்தவர் ஈரல் செயலிழந்து இறந்துபோகலாம். முன்கூட்டி மாத்திரை ஆரம்பித்தால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சைகள் தொடங்கப்போகிறது என்றால், எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் முதல் ஊசிக்கு முன்பே எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். முதலாவது நெகட்டிவ் என்றாலும் இரண்டாவதை விடாதீர்கள். என்றோ வந்து போன தொற்றைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.